நூற்றுக்கு நூறு நாக்கு

"இந்தக் கோழியோட நாக்கு ஏன் வெளுத்துக் கிடக்கு?"

ஐந்தாம் கொட்டகையின் நடுவில் நின்று, ஒரு முட்டைக்கோழியின் அலகை இரண்டு விரலால் பிளந்து பிடித்துக்கொண்டு மேற்பார்வையாளர் கேட்டார். மருந்து போட்டுக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கோழியின் வாய் மட்டும்தான் திறந்திருந்தது, அதுவும் அவர் பிடியில் இருந்ததால்.

காலை எட்டு மணிக்கு ஒரு கோழியின் நாக்கு வெளுத்திருப்பது உலகத்தில் வேறு யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. அவருக்கு அது தலைபோகிற விஷயம். பண்ணையில் அவருக்கு 'நாக்கு சார்' என்று பெயர் விழுந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் கால்நடை டாக்டரம்மா வந்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். பறவைக் காய்ச்சலுக்குப் புதிதாக வந்த தடுப்பு மருந்து. ஊசி கிடையாது, மூக்கில் ஒரு சொட்டு. ஒரு மூக்குத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு இன்னொன்றில் விட வேண்டும். கோழி மூச்சை இழுத்து அதை உள்ளே வாங்கும் வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். வாயில் விட்டால் நேராக வயிற்றுக்குப் போய்ச் செரித்துவிடும், ஒரு பிரயோஜனமும் இல்லை. மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும். மூக்கில் விட்டது அண்ணத்துப் பிளவு வழியாகக் கொஞ்சம் நாக்குக்கு இறங்கும். ஆகவே நாக்கு நீலமாக இருந்தால் மருந்து மூக்கைக் கடந்து வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இத்தனையும் டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார்.

மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம், வேலை செய்கிற பெண்களுக்கு இவ்வளவும் எதற்கு என்று, ஒரு மணி நேர வகுப்பை ஒரே வரியாகச் சுருக்கி, வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்டார்: 'நாக்கு நீலமாக இருக்க வேண்டும்.' படித்தவர்களுக்கு இந்தத் தயாள குணம் உண்டு. தங்களுக்குப் புரிந்ததில் கடைசி வரியை மட்டும் அடுத்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு நாலாயிரம் கோழி. பெண்கள் போட்டுக்கொண்டே வர, அவர் பின்னாலேயே நாக்குப் பார்த்துக்கொண்டே வருவார். வெளுத்த நாக்கு ஒன்று அகப்பட்டால் போதும். போட்டவளுக்கு அன்றைக்குப் பத்து மணி டீ கிடையாது, அவள் போட்டதை எல்லாம் மறுபடி பிடித்துப் போட வேண்டும். இந்த வழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "பால் குடிச்சுட்டேன்பா" என்று மகள் சொன்னால், "எங்க, நாக்கைக் காட்டு" என்பார்.

சிரிக்கலாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த பண்ணையில் நோய் வந்தபோது பதினோராயிரம் கோழிகளைக் குழியில் போட்டார்கள். மேற்பார்வையாளர் என்பதால் சாக்குகளின் வாயைக் கட்டுகிற வேலை அவருடையது. எல்லாம் செத்த கோழிகள் என்றுதான் வீட்டில் சொன்னார். எல்லாம் செத்திருக்கவில்லை. அதற்கப்புறம் பல மாதங்களுக்கு அவர் காரணமில்லாமல் கை கழுவிக்கொண்டே இருந்தார். மனைவி சோப்பைப் பிடுங்கி ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நோய் வந்துவிட்டது. அரசாங்கத்தின் உத்தரவு சுலபமானது. நோய் வந்த இடத்தைச் சுற்றியிருக்கும் பண்ணைகளில், முறைப்படி தடுப்பு மருந்து போட்டதாகக் கையெழுத்து இருந்தால் கோழிகளை விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் குழி. டாக்டரம்மா இன்று மூன்று மணிக்கு வந்து, கடைசிக் கொட்டகையில் கைக்கு அகப்பட்ட நூறு கோழிகளைப் பிடித்துப் பார்ப்பார். தொண்ணூறு நாக்கு நீலமாக இருந்தால் ஐந்து கொட்டகைக்கும் சேர்த்துக் கையெழுத்து. எண்பத்தொன்பது என்றால் இருபதாயிரம் கோழிக்கும் கிடையாது.

அதனால்தான் எட்டு மணிக்கு ஒரு வெளுத்த நாக்கைப் பார்த்ததும் அவர் கோழியைக் கீழே விடாமலே அடுத்த கேள்விக்குப் போனார்.

"இது யார் போட்ட வரிசை?"

எல்லோர் பார்வையும் வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான ஒரு பெண்ணிடம் போய் நின்றது.

"ஏம்மா, மருந்து போட்டியா, இல்ல தடவிக்குடுத்து அனுப்பி வெச்சியா?"

"போட்டேன் சார். குப்பியில எழுதியிருந்த மாதிரி, பொறுமையாத்தான் போட்டேன்."

"பொறுமையாப் போட்ட லட்சணமா இது?"

அவள் போட்ட கோழிகளில் இன்னும் பன்னிரண்டைப் பிடித்துப் பார்த்தார். ஐந்து வெளுப்பு. நாலு ஏதோ நினைவு வந்த மாதிரி லேசான நீலம். பக்கத்தில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயரெடுத்தவள் போட்டதில் பன்னிரண்டைப் பிடித்தார். பன்னிரண்டும் மைக்கூட்டில் முக்கியெடுத்த மாதிரி இருந்தன.

"பாத்தியா? நீ ஒரு கோழி போடுறதுக்குள்ள இவ நாலு போடுறா. நாலும் நீலம். எழுந்து போய் அந்தக் கண்ணாடியக்கா பக்கத்துல உக்காந்து எப்படிப் போடுறதுன்னு கத்துக்கோ."

புதுப்பெண் எதுவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொட்டுக் குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

கண்ணாடியக்கா எட்டுப் பேரில் மூத்தவர். காதில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். "பாவம் சார், விடுங்க. கோழி தண்ணி குடிச்சிருக்கும். குடிச்சா நீலம் கழுவிட்டுப் போயிடாதா?" என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். மேற்பார்வையாளருக்குப் பொறிதட்டியது. தண்ணீர்! கோழிகள் மூன்று மணி வரைக்கும் குடித்துக்கொண்டே இருந்தால் டாக்டரம்மா வரும்போது ஒரு நாக்கிலாவது நீலம் மிஞ்சுமா?

"போட்டு முடிச்ச பக்கத்துக்குத் தண்ணியை நிறுத்துங்க!"

கொட்டகையின் குறுக்கே ஒரு வலை கட்டியிருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் மருந்து போட்ட ஆயிரத்தைந்நூறு கோழிகள். அந்தப் பக்கம் போடவேண்டிய இரண்டாயிரத்தைந்நூறு. இந்தப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயை அவரே போய்த் திருகி மூடினார். மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார், ஒரு பெரிய காரியத்தை முடித்தவர் போல.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தகரக் கூரையில் வெயில் ஏறியது. இந்தப் பக்கத்துக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இளைக்க ஆரம்பித்தன. குழாயைக் கொத்திப் பார்த்தன. ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோழிக்கு மூளை இல்லை என்பவர்கள் தாகத்தில் இருக்கும் ஆயிரத்தைந்நூறு கோழிகளைப் பார்த்ததில்லை. அவை வலையில் போய்ச் சாய்ந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வலை தொப்பை போட்டது.

"சார், வலை!" என்று எக்ஸ்பிரஸ் கத்தினாள்.

அவர் திரும்புவதற்குள் கம்பு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வலை படுத்தது. மருந்து போட்டதும் போடாததும் ஒன்றோடொன்று கலந்து, நாலாயிரம் கோழிகளும் ஒரே குடும்பமாகத் தண்ணீர் குடித்தன.

மேற்பார்வையாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி போன் பண்ணினாள்.

"சாப்பாட்டை வெச்சுட்டுப் போயிட்டீங்களே."

"இப்ப சாப்பாடுதான் குறைச்சலா எனக்கு?"

"ஏன் கத்துறீங்க? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கோழி கலந்துடுச்சு."

"இங்க பாருங்க," என்றாள். "வேலை போனாப் பரவால்ல. பட்டினி கிடந்தாலும் பாத்துக்கலாம். மறுபடி சாக்கு கட்டுறேன்னு மட்டும் போயிடாதீங்க. அன்னைக்கு நீங்க வந்து நின்ன மாதிரி இன்னொரு தடவை வந்து நின்னா என்னால முடியாது."

"அப்படியெல்லாம் ஆகாது. வெச்சுடு," என்றார்.

எல்லாவற்றுக்கும் மறுபடி போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தார். மீதி இருந்தது இரண்டாயிரத்தைந்நூறு சொட்டுக்கான மருந்து. முதலாளிக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று ஜாடையாகக் கேட்டார்.

"கோழிக்கு ஒரு சொட்டுன்னு எண்ணித்தானேய்யா குடுத்தாங்க? ஏன், நீங்களும் ஆளுக்கு ஒரு சொட்டு போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு முதலாளி தானே சிரித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் கொட்டகை தள்ளுபடி. இந்தக் கொட்டகை போனால் ஐந்தும் போச்சு. ஆகவே சொல்லவில்லை. நேர்மையான மனுஷர்தான், ஆனால் நேர்மைக்கு அன்றைக்கு இருபதாயிரம் கோழி விலை.

"சரி, ஒவ்வொண்ணாப் பிடிச்சு நாக்கைப் பாருங்க. நீலமா இருந்தா அந்தப் பக்கம் விடுங்க. வெளுப்பா இருந்தா மருந்து போட்டு விடுங்க. இந்தத் தடவை சாயத்தை நான் கலக்குறேன். யானை தண்ணி குடிச்சாலும் போகக் கூடாது."

சாயப் பொட்டலத்தை எடுத்து, சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு போட்டார். கொஞ்சம் யோசித்து மூன்றாக்கினார். மூடியைத் திருகி ஒரு குலுக்குக் குலுக்கினார். மூடி சரியாக விழவில்லை. அவர் முகம், கழுத்து, சட்டை எல்லாம் நீலமானது.

"சார், கண்ணுல பட்டுச்சா?" என்று கண்ணாடியக்கா ஓடிவந்தார்.

"என்னை விடுங்க. கோழியைப் பாருங்க."

பெண்களும் பார்த்தார்கள். மதியத்துக்குள் பெண்களின் கை முழங்கை வரை நீலம், கோழிகளின் அலகு நீலம், மூக்கு நீலம், கொண்டை நீலம், உதறிய இடமெல்லாம் இறகு நீலம். மேற்பார்வையாளருக்கு அதைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. வெளுப்பாக எதுவும் கண்ணில் படாததே அவருக்குப் போதும்.

ஆனால் கோழிக்கு ஒரு கெட்ட பழக்கம். பக்கத்துக் கோழியின் மேல் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் கொத்திப் பார்க்கும். ஒன்று கொத்தினால் பத்து கொத்தும். கொத்திக் கொத்தி ரத்தம் வந்துவிட்டால் நூறு கொத்தும். நீலக் கொண்டைகளைப் பார்த்ததும் ஒரு மூலையில் ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்கப் பரவியது.

"சார், கொண்ணுடும் போல இருக்கு சார்!" எக்ஸ்பிரஸ் கழுத்தில் ரத்தம் வழிகிற ஒரு கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

நோயிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பூசிய சாயத்தாலேயே கோழி சாகிறது என்றால் அதைவிடக் கேவலம் உண்டா? அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருட்டில் கோழி கொத்தாது என்பது மட்டும் நல்ல வேளையாக ஞாபகம் வந்தது.

"படுதாவை எல்லாம் இறக்குங்க! விளக்கை அணைங்க!"

பக்கவாட்டுப் படுதாக்கள் சரசரவென்று இறங்கின. பட்டப்பகலில் கொட்டகை இருட்டானது. கோழிகள் இரண்டு முனகு முனகிவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன. அப்படி ஓர் அமைதி. மேற்பார்வையாளர் ஒரு தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். துடைத்த துண்டும் நீலமானது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருட்டில் எந்தக் கோழிக்குப் போட்டது, எதற்குப் போடவில்லை, அதன் மூக்கு எங்கே, வாய் எங்கே, ஒன்றும் தெரியாது. இன்னும் ஆயிரம் கோழிக்கு மேல் பாக்கி.

போன் அடித்தது. டாக்டரம்மா.

"நான் மூணு மணிக்கு வர்றதா சொல்லியிருந்தேன் இல்ல? ஒரு மணிக்கே வந்துடுறேன். ஒரு அவசரம். நேர்ல சொல்றேன்."

"வாங்க டாக்டரம்மா," என்றார். மணி அப்போது பன்னிரண்டு.

"எல்லாரும் கேளுங்க," என்று இருட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு யாருக்கும் தெரியவில்லை. "டாக்டரம்மா ஒரு மணிக்கு வர்றாங்க. எப்படிப் போடுவீங்களோ எனக்குத் தெரியாது. நான் எதுவும் கேக்க மாட்டேன். நாக்கு நீலமா இருக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே? கவலைய விடுங்க சார்," என்று கண்ணாடியக்காவின் குரல் வந்தது.

இருட்டில் வேலை நடந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான்: ஒரு சின்னக் கொக்கரிப்பு, சிறகு ஓர் அடி, அப்புறம் அமைதி, உடனே அடுத்த கொக்கரிப்பு. வெளிச்சத்தில் போட்டதைவிட வேகமாகப் போனது. புதுப்பெண்கூட மற்றவர்களுக்குச் சமமாகக் கை வீசினாள். அரை நாளில் இப்படித் தேறிவிட்டாளே என்று அவர் மனதாரச் சந்தோஷப்பட்டார்.

பன்னிரண்டரைக்கு ஒருத்தி வந்து காதோடு சொன்னாள்: "சார், மருந்து தீந்துபோச்சு. இன்னும் ஒரு முந்நூறு கோழி இருக்கும்."

அவர் ஐஸ்பெட்டியைக் கவிழ்த்தே பார்த்தார். தண்ணீர்தான் கொட்டியது.

இந்த இடத்தில் அவர் செய்ததை அவருடைய மனைவிகூட நம்பமாட்டாள். மருந்து ஸ்டோருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காலிக் குப்பியில் வெறும் தண்ணீரைப் பிடித்தார். மிச்சமிருந்த சாயத்தைப் போட்டுக் கலக்கினார். வாழ்க்கையில் லீவுக் கடிதத்தில்கூடப் பொய்க் காரணம் எழுதாத ஆள். குப்பியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மருந்துதானே சார்?" என்று அவள் கேட்டாள்.

"ம்."

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாக்டரம்மாவின் ஜீப் வந்து நின்றது. காலுறை, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நீல முகத்தோடு நின்ற மேற்பார்வையாளரை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார்.

"நீங்களும் போட்டுக்கிட்டீங்களா?"

"முதலாளியும் இதையேதான் கேட்டாரு, டாக்டரம்மா."

"ஏன் இருட்டா இருக்கு?"

"கோழிங்க மிரளாம இருக்கட்டும்னு."

"நல்ல யோசனை," என்றார் டாக்டரம்மா, உண்மையாகவே. டார்ச்சை எடுத்தார். "பிடிங்க."

முதல் கோழி. அலகு திறந்தது. நீலம். இரண்டாவது நீலம். மூன்று, நாலு, ஐந்து. மேற்பார்வையாளர் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டார். எதில் வெளுப்பு வருமோ என்று ஒவ்வொரு அலகு திறக்கும்போதும் அவர் வாயும் சேர்ந்து திறந்தது. முப்பது, நாற்பது. டாக்டரம்மா சும்மா நாக்கை மட்டும் பார்க்கிற ஆள் இல்லை. டார்ச்சை மூக்குத் துளையிலும் அடித்துப் பார்த்தார்.

"மூக்கு, கொண்டை எல்லாமே நீலமா இருக்கே."

"சாயம் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு, டாக்டரம்மா."

"அடுத்த தடவை குறைச்சுக்குங்க. மூக்குல தனியா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. சரி, நாக்குதான் தெளிவா இருக்கே."

எழுபது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூறாவது நாக்கு நீலமாகத் தெரிந்ததும் அவர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா நிறுத்தவில்லை. தொண்ணூற்றொன்பது. நூறு.

"நூத்துக்கு நூறு," என்றார் டாக்டரம்மா. டார்ச்சை அணைத்தார். "இத்தனை வருஷத்துல நான் தொண்ணூத்தாறுக்கு மேல பாத்ததே இல்ல. எப்படிச் செஞ்சீங்க?"

"எல்லாம் இவங்க கைவண்ணம்," என்று அவர் பெண்களைக் காட்டினார். பெண்கள் கூச்சத்தோடு நீலக் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

வெளியே டாக்டரம்மா ஜீப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து கொட்டகை, இருபதாயிரம் கோழி, முறைப்படி மூக்கு வழித் தடுப்பு மருந்து போடப்பட்டது. காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு முகமூடியை இறக்கினார்.

"ஏன் சீக்கிரம் வந்தேன்னு சொல்லல இல்ல? காலையில உங்களுக்கு மூணு கிலோமீட்டர்ல இருக்குற பண்ணையில நோய் உறுதியாயிடுச்சு. நாளைக்குக் காலையில ஆள் வருவாங்க. சுத்தி மருந்து போடாத பண்ணை எல்லாத்துலயும் குழி வெட்டணும். உங்களைத் தொட மாட்டாங்க. இனிமே காத்துல வந்தாலும் உங்க கோழி தாங்கும். நிம்மதியாத் தூங்குங்க."

மூன்று கிலோமீட்டர். அடுத்த நொடி கையிலிருந்த காகிதம் ஞாபகத்துக்கு வந்தது.

"இன்னொண்ணு," என்றார் டாக்டரம்மா ஜீப்பில் ஏறிக்கொண்டே. "ஆத்துக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, இன்னும் பதினாலு பண்ணை மருந்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. இந்த எட்டுப் பேரையும் நாளையிலேர்ந்து அங்க அனுப்பிவைங்க. போடுறதோட, இதே மாதிரி போட மத்தவங்களுக்கும் கத்துக் குடுக்கட்டும்."

ஜீப் போய்விட்டது. மேற்பார்வையாளர் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் பண்ணினார்.

"கையெழுத்து கிடைச்சிடுச்சு. குழி இல்ல," என்றார்.

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அவரும் அழுதார். கன்னத்தில் வழிந்த கண்ணீர் நீலமாக இறங்கிச் சட்டையில் சொட்டியது. மூன்று வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது.

முழுதாகப் போகவில்லை. அந்த முந்நூறு கோழி மட்டும் உள்ளே நின்று உறுத்திக்கொண்டிருந்தது.

பெண்கள் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண்ணைத் தட்டிக்கொடுத்து, "பொழைச்சுக்குவே," என்றார். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியக்காவை மட்டும் தனியே கூப்பிட்டார். யாரிடமாவது சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"அக்கா, உங்ககிட்ட மறைக்கல. கடைசி முந்நூறுக்கு நான் குடுத்தது மருந்தே இல்ல. வெறும் சாயத் தண்ணி. டாக்டரம்மா அவ்வளவு பெருமையாச் சொல்லிட்டுப் போறாங்க, எனக்குக் கூசுது. நோய் மூணு கிலோமீட்டர்ல நிக்குது. அந்த முந்நூறும் சாகணும்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு."

கண்ணாடியக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் முகத்தில் உண்மையான பரிதாபம் இருந்தது.

"அந்த முந்நூறுக்காகவா சார் மனசைப் போட்டு உழப்பிக்கிறீங்க? நீங்க பாக்குறது நாக்கைத்தானேன்னு, முதல் கொட்டகையிலேர்ந்தே நாங்க மூக்குப் பக்கமே போகல சார், நேரா நாக்குலதான் விட்டோம்."